தகரப் பெட்டியும் ஏழு நாளும்: தொற்றுத் தடுப்புப் பயிற்சிப் பயணக் குறிப்புகள்

நாள் 1: பாடத்துக்கு முன் ஒரு நடை

வண்டியில் முதலில் ஏற்ற வேண்டியது ப்ரொஜெக்டரை அல்ல, பயிற்சிப் பெட்டியை. உள்ளே இருப்பவை: தண்ணீரில் கரையும் பெயிண்ட், கண்ணைக் கட்ட ஒரு துணி, ஊதா விளக்கில் ஒளிரும் லோஷன், அந்த விளக்கு, இரண்டு அளவு உருளைகள், குளோரின் சோதனைப் பட்டைகள், ஆல்கஹால்மானி, ஊதுபத்தி, அளவு நாடா, ஸ்டாப்வாட்ச், ஆட்டோகிளேவுக்குள் (கருவிகளை நீராவியில் கிருமிநீக்கும் கலம்) வைக்கும் ரசாயனக் காட்டிகள், காலி ஊசிப் பெட்டி ஒன்று. இவை இருந்தால் மின்சாரம் இல்லாத இடத்திலும் பாடம் நடக்கும்.

ஏழு நாளில் ஒரு 300 படுக்கை மருத்துவமனை, ஒரு காசநோய்ப் பிரிவு, மலை மேல் ஒரு சிறு சுகாதார நிலையம் என்று மூன்று இடங்கள். கடைசி இரண்டு நாள் மறுபடி அதே பெரிய மருத்துவமனை. இதே வேலையாக வேறு எங்காவது போகிறவர்களுக்கு உதவும் என்பதால் அளவுகளையும் வழக்கமாக நடக்கும் தவறுகளையும் அன்றன்றே எழுதிவிடுகிறோம்.

முதல் நாள் வகுப்பு கிடையாது. வார்டு வார்டாக நடப்பதும் எண்ணுவதும்தான். ஒவ்வொரு கட்டிலிலிருந்தும் கைகழுவும் தொட்டிக்கு எத்தனை அடி? குழாயில் தண்ணீர் வருகிறதா, சோப்பு இருக்கிறதா, கை துடைக்க என்ன இருக்கிறது? ஹேண்ட் ரப் (தண்ணீரில்லாமல் கையில் தேய்க்கும் ஆல்கஹால் திரவம்) பாட்டில் கட்டிலருகே கை எட்டும் இடத்தில் இருக்கிறதா, நர்ஸ் மேசை அலமாரியில் பூட்டிக் கிடக்கிறதா? ஊசி போடும் இடத்துக்கும் ஊசிப் பெட்டிக்கும் எவ்வளவு தூரம்?

இந்த நடையைத் தவிர்த்துவிட்டு நேரே வகுப்பெடுப்பது பெரிய பிழை என்றே சொல்வோம். இருபது கட்டிலுக்கு ஒரே தொட்டி, அதுவும் வார்டின் கோடியில் என்றால், "நோயாளியைத் தொடும் முன் கை கழுவுங்கள்" என்று எத்தனை முறை சொன்னாலும் நடக்காது. அது நர்ஸின் அலட்சியமும் ஆகாது. உலக சுகாதார நிறுவனம் கைச் சுத்தத்துக்கு வகுத்த திட்டத்தில் ஐந்து அங்கங்கள் உண்டு: வசதியைச் சரிசெய்தல், பயிற்சி, கவனித்து முடிவைத் திருப்பிச் சொல்லுதல், நினைவூட்டல், நிர்வாகத்தின் ஆதரவான சூழல். பயிற்சி இதில் இரண்டாவதாகத்தான் வருகிறது.

மாலையில் நிர்வாகத்திடம் இரண்டு கேள்விகள். தொற்றுத் தடுப்புக்கென்றே முழுநேர ஆள் யார்? குறைந்தபட்சம் 250 படுக்கைக்கு ஒருவர் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அளவு. அடுத்து, அவருக்குப் பொருள் வாங்கித் தரக் கேட்கும் அதிகாரம் உண்டா? முதல் கேள்விக்குப் பெரும்பாலும் ஒரு பெயர் கிடைக்கும். இரண்டாவதற்குப் பதில் கிடைப்பது அரிது. அந்தப் பதிலை வாங்காமல் அங்கிருந்து எழக் கூடாது.

இவ்வளவு வற்புறுத்தக் காரணம் உண்டு. 2022இல் உலக சுகாதார நிறுவனம் வெளியிட்ட அறிக்கையின்படி, மருத்துவமனையில் சேரும் 100 பேரில் வசதியான நாடுகளில் 7 பேருக்கும், நடுத்தர, ஏழை நாடுகளில் 15 பேருக்கும் சேர்ந்த இடத்திலேயே குறைந்தது ஒரு தொற்றாவது வருகிறது. குணமாக வந்த இடத்தில் கிடைக்கும் நோய் அது.

நாள் 2: கைகள்

காலை முழுக்கக் கை. கையுறையைப் போட்டு, கண்ணைக் கட்டி, உள்ளங்கையில் ஒரு தேக்கரண்டி பெயிண்டை ஊற்றி, "எப்போதும் எப்படிக் கழுவுவீர்களோ அப்படியே தேயுங்கள்" என்கிறோம். கட்டை அவிழ்த்ததும் கையே பாடம் சொல்லிவிடும். பெயிண்ட் படாத இடங்கள் ஏறக்குறைய எல்லோருக்கும் ஒன்றுதான்: கட்டைவிரலின் சுற்று, விரல் நுனிகள், புறங்கை, விரலிடுக்கு. அதிலும் நுனியும் கட்டைவிரலும்தான் நோயாளியை அதிகம் தொடுபவை. உள்ளங்கை மட்டும் எல்லோருக்கும் பளிச்சென்று நிறைந்திருக்கும்.

எப்படி என்பதை இப்படி அரை மணி நேரத்தில் சொல்லிக்கொடுத்துவிடலாம். எப்போது என்பதற்குத்தான் நாள் பிடிக்கிறது. ஐந்து தருணங்கள்: நோயாளியைத் தொடும் முன், கிருமி புகக் கூடாத வேலைக்கு முன், ரத்தம், சளி, சிறுநீர் போன்றவை பட வாய்ப்புள்ள வேலைக்குப் பின், நோயாளியைத் தொட்ட பின், நோயாளியைச் சுற்றியுள்ள பொருள்களைத் தொட்ட பின். எல்லோரும் அதிகம் மறப்பது "முன்" என்று வரும் தருணங்களை. "பின்" என்று வரும் தருணங்களில் தன்னைக் காத்துக்கொள்ளும் எண்ணம் தானாகவே கையை இழுத்துப்போகும். "முன்" என்பது நோயாளிக்காக மட்டும். அதனால்தான் அதற்குத் தனிப் பயிற்சி வேண்டியிருக்கிறது.

இதைப் பட்டியலாக மனப்பாடம் செய்ய வைப்பதில் பயனில்லை. ஒரு கட்டிலை வகுப்புக்குள் தள்ளிக்கொண்டு வந்து, ஒருவரைப் படுக்க வைத்து, டிரிப் மாற்றும் வேலையை முதலிலிருந்து கடைசிவரை செய்யச் சொல்கிறோம். மற்றவர்கள் தருணம் வரும்போதெல்லாம் கைதட்ட வேண்டும். செய்பவர் நல்ல கையோடு கட்டில் கம்பியைப் பிடித்துவிட்டு, அதே கையால் கேனுலாவின் (ரத்தக்குழாயில் செருகிய சிறு குழாய்) மூடியைத் திறப்பார். பத்து பேர் ஒரே நேரத்தில் கைதட்டுவார்கள். அதற்குப் பிறகு அந்த இடம் மறக்காது.

நேர அளவு: ஹேண்ட் ரப் என்றால் 20 முதல் 30 நொடி, சோப்பும் தண்ணீரும் என்றால் 40 முதல் 60 நொடி. எவ்வளவு ஹேண்ட் ரப் என்றால், உள்ளங்கைக் குழி நிறைய. பத்து நொடியில் கை காய்ந்துவிட்டால் எடுத்தது போதவில்லை. கண்ணுக்குத் தெரியும் அழுக்கோ ரத்தமோ இருந்தால் சோப்புதான். வயிற்றுப்போக்கு நோயாளியிடம் கிளாஸ்ட்ரிடியாய்ட்ஸ் டிஃபிசில் என்ற பாக்டீரியா சந்தேகம் இருந்தாலும் சோப்புதான், ஏனென்றால் அதன் வித்துகளை (தடித்த உறைக்குள் உறங்கும் வடிவம்) ஆல்கஹால் கொல்லாது. தேய்த்துக் கழுவி நீக்கத்தான் முடியும். கையுறையைக் கழற்றியதும் கைச் சுத்தம் கட்டாயம்: கண்ணுக்குத் தெரியாத ஓட்டைகள் இருக்கும், கழற்றும்போதே மணிக்கட்டில் அழுக்கு படும். ஒரே கையுறையோடு அடுத்த கட்டிலுக்குப் போவது வெறும் கையோடு போவதைவிட மோசம், அந்தக் கை பாதுகாப்பாக இருப்பதாகத் தோன்றுவதால்.

1847இலேயே வியன்னாவில் இக்னாஸ் செம்மல்வெய்ஸ், பிரேதப் பரிசோதனை முடித்து வரும் மருத்துவர்களைக் குளோரின் கலந்த சுண்ணாம்பு நீரில் கைகழுவ வைத்தார். பிரசவ வார்டில் சாவு சட்டென்று குறைந்தது. ஆனாலும் சக மருத்துவர்கள் பலர் அவர் சொன்னதை ஏற்கவில்லை. இந்தக் கதையை மருத்துவர்கள் உட்கார்ந்திருக்கும் வகுப்பில்தான் சொல்ல வேண்டும். கை கழுவாத மூத்த மருத்துவர் ஒருவர் ரவுண்ட்ஸ் போனால், பின்னால் வரும் ஒட்டுமொத்தக் கூட்டமும் கழுவாது.

மதியம் மருந்தகத்தில் ஹேண்ட் ரப் தயாரிப்பு. 10 லிட்டருக்கு: 96 சதவீத எத்தனால் 8333 மி.லி., 3 சதவீத ஹைட்ரஜன் பெராக்சைடு 417 மி.லி., 98 சதவீத கிளிசரால் 145 மி.லி. மீதி, காய்ச்சி ஆறவைத்த தண்ணீரோ வாலைவடிநீரோ, 10 லிட்டர் கோடு வரை. முதலில் ஆல்கஹால், பிறகு பெராக்சைடு, பிறகு கிளிசரால். கிளிசரால் உருளையின் சுவரில் ஒட்டிக்கொண்டு நின்றுவிடும். கொஞ்சம் தண்ணீர் விட்டு அலசி அதையும் ஊற்றினால்தான் அளவு சரியாகும். இதை விட்டுவிட்டால் கை வறண்டு வெடிக்கும், பிறகு யாரும் பாட்டிலைத் தொடமாட்டார்கள். தண்ணீர் சேர்ந்ததும் ஆவியாகாமல் உடனே மூடிவிட வேண்டும். ஆல்கஹால்மானி 75க்கும் 85க்கும் இடையில் காட்ட வேண்டும்; குறி 80.

எல்லா வகுப்பிலும் வரும் கேள்வி: 96 சதவீத ஆல்கஹாலை அப்படியே பூசினால் இன்னும் நல்லதுதானே? கிருமியின் புரதத்தைச் சிதைக்க ஆல்கஹாலோடு தண்ணீரும் வேண்டும். தண்ணீர் இல்லாவிட்டால் வீரியம் குறையும்.

கலந்ததும் பாட்டில்களில் ஊற்றி 72 மணி நேரம் தனியே வைக்க வேண்டும். பெராக்சைடு சேர்ப்பது கைக்காக அல்ல. ஆல்கஹாலிலோ பாட்டிலிலோ ஒட்டியிருக்கும் வித்துகளை அது அழிக்க எடுத்துக்கொள்ளும் அவகாசம்தான் இந்த மூன்று நாள். பழைய பாட்டிலில் மீதி இருப்பதன் மேல் புதியதை ஊற்றுவது கூடாது. கழுவிக் காயவைத்து நிரப்ப வேண்டும். தயாரிக்கும் அறையில் நெருப்போ சுவிட்சுப் பொறியோ இருக்கக் கூடாது: 80 சதவீத எத்தனாலின் தீப்பற்றும் நிலை 17.5 டிகிரி செல்சியஸ், சாதாரண அறை வெப்பத்துக்கும் கீழே.

நாள் 3: கருவிகள் போகும் பாதை

கருவி சுத்திகரிப்புப் பிரிவு பெரும்பாலான மருத்துவமனைகளில் அடித்தளத்தில், வெளிச்சமில்லாத ஓர் அறையில் இருக்கும். அங்கே வேலை செய்பவர்களுக்குப் பயிற்சி என்று ஒன்று நடந்தே பல காலம் ஆகியிருக்கும். அறுவை அரங்கில் எவ்வளவு கவனமாக இருந்தாலும் இங்கே ஒரு படி தவறினால் அத்தனையும் வீண். அதனால் இந்த நாளை யாருக்காகவும் சுருக்குவதில்லை.

எந்தப் பொருளுக்கு எவ்வளவு சுத்தம் என்பதற்கு ஏர்ல் ஸ்பால்டிங் வகுத்த மூன்று பிரிவே இன்றும் அடிப்படை. திசுவுக்குள்ளோ ரத்தத்துக்குள்ளோ போவது முழுக் கிருமிநீக்கம் பெற வேண்டும். எண்டோஸ்கோப் போல உள்சவ்வைத் தொடுவதற்குக் குறைந்தது உயர்நிலைக் கிருமியழிப்பு (சில வித்துகள் தவிர எல்லாம் சாகும் அளவு) வேண்டும். ரத்த அழுத்தப் பட்டை போல வெறும் தோலைத் தொடுவதற்குக் கழுவித் துடைத்தாலே போதும்.

கருவி ஒரே திசையில்தான் நகர வேண்டும்: அழுக்குப் பக்கம் நுழைந்து, கழுவி, கட்டி, நீராவியில் வெந்து, சுத்தப் பக்கம் வெளியேற வேண்டும். ஒரே மேசையில் அழுக்குத் தட்டும் கட்டிய பொட்டலமும் அருகருகே இருந்தால் அங்கேயே வகுப்பை நிறுத்தி மேசையைப் பிரிக்கிறோம். இடமே இல்லையென்றால் நேரத்தையாவது பிரிக்கலாம்: காலையில் கழுவல், மேசையைத் துடைத்துக் காயவிட்டபின் கட்டல்.

முதலில் மாற்ற வேண்டிய பழக்கம், அறுவை முடிந்ததும் கருவிகளை 0.5 சதவீத குளோரின் கரைசலில் முக்கி வைப்பது. பல ஆண்டுகள் இதைத்தான் சொல்லிக்கொடுத்தார்கள், ஆகவே கற்றவர்களைக் குறை சொல்ல இடமில்லை. ரத்தமும் புரதமும் குளோரினைச் செயலிழக்கச் செய்துவிடும். குளோரின் எஃகை அரித்துக் குழிகள் போடும். அந்தக் குழியில் அடுத்த முறை அழுக்கு தங்கும். இப்போதைய வழி இது: அரங்கிலேயே பெரிய கறையைத் துடைத்து, ஈரத் துணி போர்த்தி, மூடிய பெட்டியில் அனுப்புவது. ரத்தம் காயவிடாமல் இருப்பதுதான் நோக்கம்.

கழுவுபவருக்குத் தடித்த ரப்பர் கையுறை, நீர் புகா ஏப்ரன், முகத்திரை, மூடிய காலணி. தண்ணீர் வெதுவெதுப்பாக, 45 டிகிரிக்குள். கொதிநீர் ஊற்றினால் ரத்தப் புரதம் வெந்து கருவியோடு ஒட்டிக்கொள்ளும். கீல் உள்ள கருவிகளைத் திறந்து வைத்து, பிரஷ்ஷை நீருக்கு அடியிலேயே வைத்துத் தேய்க்க வேண்டும். மேலே தூக்கித் தேய்த்தால் தெறிக்கும். குழல்களுக்கு அந்தந்த விட்டத்துக்கான பிரஷ், மறுமுனையில் வெளியே தலைகாட்டும் வரை. அலசி, காயவைத்து, பூதக்கண்ணாடியில் பல்லையும் கீலையும் பார்க்க வேண்டும். ஈரத்தோடு கட்டிய கருவி ஈரப் பொட்டலமாகவே வெளியே வரும்.

இனி ஆட்டோகிளேவ். நீராவி தொடாத இடத்தில் கிருமி சாகாது. எல்லாத் தவறுகளும் இந்த ஒன்றிலிருந்து வருபவைதான். காற்று நீராவியைவிடக் கனம், அடியில் போய்த் தேங்கும். பொட்டலங்களைப் படுக்க வைத்து அடுக்கினாலோ, கிண்ணங்களை வாய் மேலாக வைத்தாலோ காற்று அங்கேயே சிறைப்படும். அழுத்தமானியைப் பார்த்தால் எல்லாம் சரி போலிருக்கும். அந்தக் கிண்ணத்துக்குள் மட்டும் வெப்பம் ஏறியிருக்காது. எனவே பொட்டலங்களைப் புத்தகம் போல நிறுத்தி, இடையில் கை நுழையும் இடைவெளி விட்டு, சுவரைத் தொடாமல் வைக்க வேண்டும். கிண்ணங்களைச் சரித்து வைக்க வேண்டும்.

புவியீர்ப்பால் காற்றை வெளியேற்றும் கருவியில், துணி சுற்றிய பொட்டலத்துக்கு 121 டிகிரியில் 30 நிமிடம். வெற்றிடம் இழுத்துக் காற்றை அகற்றும் கருவி என்றால் 132 டிகிரியில் 4 நிமிடம். கடிகாரம் ஓட ஆரம்பிப்பது சுவிட்சைப் போட்ட நேரத்திலிருந்து அல்ல, உள்ளே அந்த வெப்பம் எட்டியதிலிருந்து. அவசர நாளில் முதலில் வெட்டப்படுவது இந்த நிமிடங்கள்தான். அடுத்து வெட்டப்படுவது காயும் நேரம். சூடான பொட்டலத்தைக் குளிர்ந்த கல் மேசையில் வைத்தால் அடியில் ஈரம் கசியும், ஈரத் துணி வழியே வெளிக் கிருமி உள்ளே இழுபடும். ஈரமான பொட்டலத்தை மறுபடி கட்டி மறுபடி வேகவைக்க வேண்டும், வெயிலில் காயவைத்து எடுத்துக்கொள்ளக் கூடாது.

வெளியே ஒட்டும் டேப்பில் கோடு கறுத்தால் "வெந்துவிட்டது" என்று பலர் நம்புகிறார்கள். அந்தப் பொட்டலம் சூட்டுக்குள் போய் வந்தது என்பதை மட்டுமே டேப் சொல்லும். உள்ளே நீராவி புகுந்ததா என்பதற்குப் பொட்டலத்தின் நடுவில் வைக்கும் ரசாயனக் காட்டி. கிருமி உண்மையில் செத்ததா என்பதற்கு வாரம் ஒருமுறையாவது உயிரியல் சோதனை: ஜியோபேசிலஸ் ஸ்டியரோதெர்மோஃபிலஸ் என்ற, வெப்பம் தாங்கும் பாக்டீரியாவின் வித்துகள் உள்ள குப்பியைச் சேர்த்து வேகவைத்து, பிறகு அது வளர்கிறதா என்று பார்ப்பது. வெற்றிடக் கருவியில் தினமும் முதல் சுற்று போவி-டிக் தாளோடு (காற்று முழுதும் வெளியேறியதா என்று காட்டும் சோதனைத் தாள்), வேறெந்தப் பொருளும் இல்லாமல். தாள் நடுவில் நிறம் மாறாமல் நின்றால் அங்கே காற்று தங்கியிருக்கிறது. பழுது பார்க்காமல் அன்று அதில் எதையும் வைக்கக் கூடாது.

இந்த நாள் வகுப்பில் வேண்டுமென்றே நெருக்கி அடைத்த ஒரு பொட்டலத்தையும் தளர்வாகக் கட்டிய இன்னொன்றையும் ரசாயனக் காட்டியோடு ஒன்றாக வேகவைத்துத் திறந்து காட்டுவது வழக்கம். இரண்டு பட்டைகளையும் அருகருகே சுவரில் ஒட்டிவிட்டு வருகிறோம்.

நாள் 4: காற்று

காசநோய்ப் பிரிவு. இங்கே பெட்டியிலிருந்து முதலில் எடுப்பது அளவு நாடாவும் ஊதுபத்தியும். சன்னல் பக்கம் புகை எந்தத் திசையில் நகர்கிறது என்று பார்த்தாலே பாதி தெரிந்துவிடும். காற்று ஊழியரைக் கடந்து நோயாளிக்குப் போக வேண்டும், நோயாளியைக் கடந்து ஊழியருக்கு வரக் கூடாது. பல அறைகளில் மேசை நேர்மாறாகக் கிடக்கும். அதைத் திருப்பிப் போட ஐந்து நிமிடம் போதும்.

மணிக்கு எத்தனை முறை அறைக்காற்று மாறுகிறது என்பதைத் தோராயமாகக் கணக்கிடலாம்: 0.65 × காற்றின் வேகம் (நொடிக்கு மீட்டர்) × திறந்திருக்கும் வழிகளில் சிறியதன் பரப்பு (சதுர மீட்டர்) × 3600, இதை அறையின் கன அளவால் வகுக்க வேண்டும். 5 மீட்டர் நீளம், 4 அகலம், 3 உயரம் என்றால் 60 கன மீட்டர். எதிரெதிராக 1 சதுர மீட்டர் திறப்புகள், காற்று நொடிக்கு அரை மீட்டர் என்றால் 19.5 முறை. சன்னலின் ஒரு கதவை மூடினால் அது 9.75 ஆகிறது, குறைந்தது 12 வேண்டும் என்ற இலக்குக்குக் கீழே போய்விடுகிறது. ஒரே ஒரு சன்னல் கதவு! இந்தக் கணக்கைப் பங்கேற்பவர்களே தங்கள் அறைக்குப் போட்டுப் பார்க்கும்போது, மூடிய சன்னல்கள் யாரும் சொல்லாமலே திறக்கின்றன.

சளி எடுப்பது வெளியே, திறந்த வெளியில். கழிப்பறையில் எடுக்கச் சொல்வது மிக மோசமான வழக்கம். இருமுகிறவர்களை வரிசையிலேயே கண்டு, மாஸ்க் கொடுத்து, முன்னுரிமையில் பார்த்து அனுப்ப வேண்டும்.

மாஸ்க்கில் எப்போதும் நடக்கும் குழப்பம்: நோயாளிக்குச் சாதாரண அறுவை மாஸ்க், ஊழியருக்கு என்95. நோயாளியின் மாஸ்க் வெளியே போவதைத் தடுக்கிறது, ஊழியருடையது உள்ளே வருவதை வடிகட்டுகிறது. என்95 அணிந்தவுடன் இரு கையாலும் மூடி வேகமாக மூச்சு விட்டுப் பார்க்க வேண்டும். கண்ணருகிலோ கன்னத்திலோ காற்று கசிந்தால் மூக்குக் கம்பியையும் பட்டைகளையும் சரிசெய்ய வேண்டும். மாஸ்க்கின் ஓரம் படும் இடத்தில் தாடி இருந்தால் எந்தச் சரிசெய்தலும் உதவாது.

நாள் 5: மலை மேல், குழாய் இல்லாத நிலையத்தில்

சாலை முடிந்த பிறகும் கொஞ்சம் நடை. இரண்டு அறை, நாலைந்து ஊழியர்கள், ஓடும் தண்ணீர் கிடையாது. இங்கே பெரிய மருத்துவமனைப் பாடத்தை அப்படியே கொட்டுவது அநியாயம்.

தண்ணீருக்கு: அடியில் குழாய் பொருத்திய மூடிய வாளி, கீழே இன்னொரு வாளி, சோப்பு. கிண்ணத்தில் எல்லோரும் கை முக்குவதும், ஆணியில் தொங்கும் ஒரே துண்டில் எல்லோரும் துடைப்பதும் கழுவிய பயனைக் கெடுத்துவிடும். துண்டு இல்லையென்றால் கையைக் காற்றில் உலர்த்தினால் போதும்.

குளோரின் கணக்கு இன்றைய முக்கியப் பாடம். திரவமாக இருந்தால்: இருக்கும் வீரியத்தை வேண்டிய வீரியத்தால் வகுத்து, ஒன்றைக் கழித்தால் எத்தனை பங்கு தண்ணீர் என்று வரும். 5 சதவீத பிளீச்சிலிருந்து 0.5 சதவீதம் வேண்டுமென்றால், 5 ÷ 0.5 = 10, அதில் 1 போக 9. ஒரு குவளை பிளீச்சுக்கு ஒன்பது குவளை தண்ணீர். அதே குவளையாக இருக்க வேண்டும். 3.5 சதவீத பிளீச் என்றால் 6 குவளைதான். 0.1 சதவீதம் வேண்டுமானால் 5 சதவீத பிளீச்சுக்கு 49 பங்கு.

பொடி என்றால்: வேண்டிய வீரியத்தை இருக்கும் வீரியத்தால் வகுத்து ஆயிரத்தால் பெருக்கினால் லிட்டருக்கு எத்தனை கிராம் என்று கிடைக்கும். 70 சதவீதப் பொடியில் 0.5 சதவீதக் கரைசலுக்கு லிட்டருக்கு சுமார் 7 கிராம்; 35 சதவீத பிளீச்சிங் பவுடரில் சுமார் 14 கிராம். தராசு இல்லாத இடத்தில், ஒருமுறை எடை போட்டுப் பார்த்து ஒரு கரண்டியில் கோடு கீறி, அந்தக் கரண்டியைப் பொடி டப்பாவோடு கட்டிவிட வேண்டும்.

பிழை எங்கே நடக்கும்? டப்பாவைத் திறந்து வைத்தால் வீரியம் போய்விடும். வெயில் படும் இடத்தில் வைத்தாலும் போகும். தகர வாளி அரித்துவிடும், பிளாஸ்டிக்தான் வேண்டும். தண்ணீரில் பொடியைப் போட வேண்டும், பொடி மேல் தண்ணீரை ஊற்றக் கூடாது. கழிப்பறை அமிலத்தோடோ அம்மோனியா உள்ள சோப்போடோ கலந்தால் நச்சு வாயு வரும். கரைசலைத் தினமும் புதிதாகக் கலக்கி, வாளியில் வீரியமும் தேதியும் நேரமும் எழுத வேண்டும். நேற்றையது இன்று வெறும் மணமுள்ள தண்ணீராக இருக்கலாம். சோதனைப் பட்டை காட்டிவிடும்.

ரத்தம் சிந்தினால்: கையுறை, தெறிக்கும் என்றால் முகத்திரையும், உறிஞ்சும் துணியோ தாளோ போட்டு எடுத்துக் கழிவில் போடுவது, சோப்புத் தண்ணீரில் துடைப்பது, அதன்பிறகே 0.5 சதவீத குளோரின், 10 நிமிடம் ஈரமாகவே இருக்கும்படி. ரத்தத்தின் மேல் நேரே குளோரினை ஊற்றினால் ரத்தமே அதை விழுங்கிவிடும். தெளிப்பானால் அடிப்பதும் வேண்டாம்.

ஊசி. மூடியைத் திரும்ப மாட்டாதே, வளைக்காதே, கையிலிருந்து கைக்குக் கொடுக்காதே. போட்டவரே, போட்ட இடத்திலேயே, உடனே பெட்டியில் போட வேண்டும். அதற்குப் பெட்டி கை எட்டும் தூரத்தில் இருக்க வேண்டும்; அறைக் கோடியில் இருந்தால் எல்லோரும் மூடியை மாட்டிக்கொண்டுதான் நடப்பார்கள். முக்கால் நிரம்பியதும் மூடி முத்திரையிட வேண்டும். நிரம்பி வழியும் பெட்டிக்குள் கையால் அழுத்துவதுதான் பல காயங்களுக்குக் காரணம். பல டோஸ் மருந்துக் குப்பியின் மூடியில் ஊசியைக் குத்தியபடி விட்டுவைப்பதை எங்கே கண்டாலும் நிறுத்திக் கேட்க வேண்டும். அந்த ஊசி கிருமி உள்ளே போகத் திறந்து வைத்த வாசல்.

குத்திவிட்டால் பிதுக்கக் கூடாது. சோப்பும் தண்ணீரும் போட்டுக் கழுவி, உடனே தெரிவிக்க வேண்டும். எச்.ஐ.வி. தடுப்பு மருந்தைச் சில மணி நேரத்துக்குள் தொடங்குவது நல்லது, 72 மணி நேரத்தைத் தாண்டக் கூடாது. 28 நாள் சாப்பிட வேண்டும். தொற்றுள்ளவர் ரத்தம் பட்ட ஊசி குத்தினால் எச்.ஐ.வி. வர வாய்ப்பு சுமார் 0.3 சதவீதம். தடுப்பூசி போடாதவருக்கு ஹெபடைட்டிஸ் பி வர வாய்ப்பு 6 முதல் 30 சதவீதம். இந்த இரண்டு எண்களையும் ஒன்றாகக் கேட்டதும் அறை அமைதியாகிவிடும், ஏனென்றால் எல்லோரும் பயப்படுவது முதலாவதற்கு. இரண்டாவதற்குத் தடுப்பூசி இருக்கிறது. யார் யார் போட்டிருக்கிறார்கள் என்ற பட்டியலை அங்கேயே எழுதி முடிக்கிறோம்.

இறங்கும் முன் இன்னொன்று. இங்கே அடுப்பில் வைக்கும் குக்கர் வகை ஸ்டெரிலைசர்தான். உயரம் கூடக் கூட வெளிக்காற்றின் அழுத்தம் குறைவதால், கடல் மட்டத்தில் 15 பவுண்டு காட்டும்போது கிடைக்கும் 121 டிகிரி இங்கே அதே முள்ளில் கிடைக்காது. 300 மீட்டருக்கு ஏறக்குறைய அரை பவுண்டு கூட்ட வேண்டும். வெறும் தண்ணீரில் கொதிக்க வைப்பது எந்த உயரத்திலும் முழுக் கிருமிநீக்கம் ஆகாது, வித்துகள் பிழைத்துக்கொள்ளும்.

நாள் 6: துப்புரவுப் பணியாளர்கள்

மறுபடி பெரிய மருத்துவமனை. இன்றைய வகுப்பு முழுவதும் துப்புரவுப் பணியாளர்களுக்கு, அவர்களுடைய வேலை நேரத்துக்குள், சம்பளத்தோடு. வேலை முடிந்து களைத்தவர்களை உட்கார வைத்து நடத்துவதை நாங்கள் ஏற்பதில்லை. மருத்துவருக்கு மூன்று நாள் வகுப்பும் வார்டைத் துடைப்பவருக்கு ஒரு துண்டறிக்கையும் என்பதுதான் எங்கும் நடக்கிறது. கட்டில் கம்பியில் இருக்கும் கிருமியை அன்றாடம் அகற்றுகிறவர் அவர்தான்.

பாடம் கையில் துணியோடுதான். துணியை இரண்டாக மடித்து, மறுபடி இரண்டாக மடித்தால் எட்டுப் பக்கம் கிடைக்கும். ஒரு பக்கம் அழுக்கானால் அடுத்த பக்கம். எட்டும் முடிந்தால் வேறு துணி. பயன்படுத்திய துணியைத் திரும்ப வாளியில் முக்கக் கூடாது, முக்கினால் முதல் கட்டிலின் அழுக்கு கடைசிக் கட்டில் வரை போகும். சுத்தமான இடத்திலிருந்து அழுக்கான இடத்துக்கு, மேலிருந்து கீழே, கழிப்பறை கடைசியில். முன்னும் பின்னும் ஒரே இடத்தைத் தேய்க்காமல், பாம்பு ஊர்வது போல வளைந்து வளைந்து வர வேண்டும். உலர்ந்த துடைப்பத்தால் பெருக்கினால் தூசியோடு கிருமியும் மேலே எழும், ஈர மாப்தான். மூன்று வாளி: சோப்புத் தண்ணீர், அலசும் தண்ணீர், கிருமிநாசினி. கிருமிநாசினி பூசியவுடன் துடைத்து உலர்த்திவிட்டால் அது வேலை செய்ய நேரமே கிடைக்காது. டப்பாவில் போட்டிருக்கும் நிமிடம் வரை ஈரம் நிற்க வேண்டும்.

முந்தின மாலையே ஒளிரும் லோஷனைச் சிறு புள்ளிகளாக வைத்திருந்தோம்: கட்டில் கம்பி, அழைப்பு மணி, டிரிப் ஸ்டாண்டின் கைப்பிடி படும் உயரம், மேசையின் விளிம்பு, குழாய், கழிப்பறைத் தாழ்ப்பாள். வழக்கமான துடைப்பு முடிந்தபின் ஊதா விளக்கோடு அவர்களையே அழைத்துக்கொண்டு போவது. தரை எப்போதும் சுத்தமாக இருக்கும். தாழ்ப்பாளிலும் அழைப்பு மணியிலும் புள்ளி அப்படியே மினுங்கும். மேற்பார்வையாளர் தரையைத்தான் பார்க்கிறார், ஆகவே தரைதான் துடைக்கப்படுகிறது. இதைத் தண்டனைக்கான சோதனையாக யாராவது மாற்ற முயன்றால் விளக்கை அணைத்துவிட வேண்டும். ஒருமுறை ஒருவர் திட்டு வாங்கினால் அதன்பின் யாரும் உண்மையைக் காட்டமாட்டார்கள்.

அவர்களிடமிருந்து வரும் கேள்விகள் கூர்மையானவை. மெல்லிய கையுறை கிழிகிறது, தடித்தது எப்போது கிடைக்கும்? கழிவுப் பையில் ஊசி வருகிறதே, யாரைக் கேட்பது? இவை பயிற்சியாளர் பதில் சொல்லி முடிக்கும் கேள்விகள் அல்ல. எழுதி, முதல் நாள் அதிகாரம் பற்றி நாங்கள் கேட்ட அதே நிர்வாகத்திடம் தேதியோடு கொடுக்கிறோம்.

நாள் 7: கழற்றுவதும் எண்ணுவதும்

காலையில் பாதுகாப்பு உடை. அணியும் வரிசை: கவுன், மாஸ்க், கண்ணாடி, கடைசியில் கவுனின் மணிக்கட்டு மேல் ஏறும்படி கையுறை. அணிவதை எல்லோரும் சரியாகச் செய்கிறார்கள், கழற்றும்போதுதான் தொற்று ஒட்டுகிறது. கையுறை, கைச் சுத்தம், கவுனை உள்பக்கம் வெளியே வரும்படி சுருட்டி எடுத்தல், கைச் சுத்தம், பின்னாலிருந்து கண்ணாடி, கடைசியில் பட்டையை மட்டும் பிடித்து மாஸ்க், மறுபடி கைச் சுத்தம். உடையின் முன்பக்கம் ஒளிரும் லோஷனைப் பூசிவிட்டு இதைச் செய்யச் சொன்னால், மணிக்கட்டிலும் கழுத்திலும் மின்னும். அவசரமாக இழுத்த இடங்கள் அவை. கண்ணாடி முன் நின்று, பக்கத்தில் ஒருவர் ஒவ்வொரு படியையும் வாசிக்க, மெதுவாகச் செய்வதே ஒரே வழி.

தீவிர சிகிச்சைப் பிரிவில் குறுகிய நேரம் மட்டும். மையச் சிரைக் குழாயின் (இதயத்தருகே பெரிய ரத்தக்குழாய்வரை போகும் குழாய்) இணைப்பை ஒவ்வொரு முறையும் ஆல்கஹால் பஞ்சால் 15 நொடி தேய்த்து, காயவிட்டுத் திறக்க வேண்டும். சிறுநீர் சேரும் பிளாஸ்டிக் பை, உடலுக்குள் இருக்கும் சிறுநீர்ப்பையைவிடத் தாழ்வாக, ஆனால் தரையைத் தொடாமல். ரவுண்ட்ஸில் தினமும் ஒரே கேள்வி: இந்தக் குழாய் இன்றும் தேவையா?

மதியம் எண்ணுவது எப்படி என்ற பயிற்சி, அந்த மருத்துவமனையின் தொற்றுத் தடுப்பு நர்ஸுக்கு. ஓர் இடத்தில் சுமார் 20 நிமிடம் நின்று, கை சுத்தம் செய்ய வேண்டிய தருணங்களையும் உண்மையில் செய்த தருணங்களையும் குறிக்க வேண்டும். 40 தருணத்தில் 18 என்றால் 45 சதவீதம். ஒரு வார்டுக்கு ஒரு காலகட்டத்தில் 200 தருணங்களாவது சேர்ந்தால்தான் அடுத்த முறையோடு ஒப்பிட முடியும். பார்ப்பவர் நிற்கிறார் என்று தெரிந்தால் எல்லோரும் கூடுதலாகக் கை கழுவுவார்கள். அதைத் தவிர்க்க முடியாது, ஆனால் ஹேண்ட் ரப் மாதம் எத்தனை லிட்டர் செலவாகிறது என்ற கணக்கை அருகில் வைத்தால் எண் பொய் சொல்கிறதா என்று தெரியும். 90 சதவீதம் என்று தாளில் இருந்து, பாட்டில்கள் நிறைந்தே இருந்தால் தாளை நம்பக் கூடாது. முடிவை அதே வாரம், அதே வார்டிலேயே, பெயர் சொல்லாமல் சொல்ல வேண்டும். எந்தத் தருணம் தவறுகிறது என்று பிரித்துச் சொன்னால்தான் உதவும்.

மூன்று மாதம் கழித்து வரும்போது முதலில் பார்க்க வேண்டியவை பெட்டியின் மூடிக்குள் ஒட்டியிருக்கின்றன: கட்டிலருகே பாட்டில் வந்ததா, ஆட்டோகிளேவ் பதிவேட்டில் உயிரியல் சோதனைத் தேதிகள் விடாமல் இருக்கின்றனவா, மலை நிலையத்தில் கரண்டி இன்னும் டப்பாவோடு கட்டியிருக்கிறதா, ஹெபடைட்டிஸ் பி பட்டியலில் எத்தனை பேருக்கு மூன்றாவது டோஸ் முடிந்தது, துப்புரவுப் பணியாளர்களுக்குத் தடித்த கையுறை கிடைத்ததா. பெயிண்ட் தீர்ந்துவிட்டது, நிரப்ப வேண்டும்.